முழு ஸ்காலர்ஷிப்னா எவ்வளவு முழுசு? – பி.டி. மாஸ்டர் பதில்கள்

போன இதழில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது, அமெரிக்காவில் குஸ்தி தெரிந்த பையனுக்குக் கல்லூரியே காசு கொடுத்துப் படிக்க வைக்கிறது என்று போகிற போக்கில் நாலு வரி எழுதிவிட்டேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். தருமபுரி பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்க நின்றால்கூட யாராவது தோளைத் தொட்டு, "மாஸ்டர், நெசமாவே டாலர்லயா கொடுக்கிறாங்க?" என்கிறார்கள். நாலு வரியோடு விட்டது என் தப்பு. இந்தத் தடவை அதுக்கே பக்கத்தை ஒதுக்கியாச்சு.

என் பையன் ப்ளஸ் ஒன் படிக்கிறான். மல்யுத்தத்தில் 57 கிலோ பிரிவில் மாவட்டத்தில் முதலிடம். ஓசூரில் ஒருவர், 'அமெரிக்கக் காலேஜில் ஃபுல் ஸ்காலர்ஷிப் வாங்கித் தருகிறேன், சீட் உறுதியானதும் மூன்று லட்சம் கொடுத்தால் போதும்' என்கிறார். எங்களுக்கு மாந்தோப்புதான் வருமானம். நம்பலாமா?
– ஒரு தந்தை, காவேரிப்பட்டணம்

அண்ணே, ஓசூர்க்காரரைக் கொஞ்ச நேரம் திண்ணையில் உட்கார வைத்துவிட்டு, கணக்கைப் பார்ப்போம்.

அங்கே கல்லூரி விளையாட்டை நடத்துவது என்.சி.ஏ.ஏ. என்கிற அமைப்பு. அதன் முதல் டிவிஷனில் மல்யுத்த அணி வைத்திருக்கும் கல்லூரிகள் ஏறத்தாழ 80. ஓர் அணியில் முப்பது பையன்கள், சில இடங்களில் அதற்கு மேலும். பந்தயத்தில் இறங்குவது பத்து எடைக்குப் பத்துப் பேர். இத்தனை பேருக்கும் சேர்த்து ஒரு கல்லூரி கொடுக்கலாம் என்று பல வருஷமாக இருந்த உச்சவரம்பு 9.9 ஸ்காலர்ஷிப். இறங்குகிற பத்துப் பேருக்கே பத்து ரூபாய்க்குப் பத்து பைசா குறைச்சல்! கோச் என்ன செய்வார்? கிடாவெட்டில் கறியைக் கூறு போடுகிற மாதிரி போடுவார். நட்சத்திரப் பையனுக்குப் பெரிய கூறு, அடுத்தவனுக்குக் கால்வாசி, இன்னொருத்தனுக்குப் புத்தகச் செலவு மட்டும். பாக்கிப் பேர் சொந்தக் காசில் படித்துக்கொண்டு பிராக்டீஸுக்கு வருவார்கள். மூன்றாம் டிவிஷன் என்று ஒன்று இருக்கிறது. அங்கே விளையாட்டுக்காக ஸ்காலர்ஷிப்பே கிடையாது.

2025 ஜூன் 6-ஆம் தேதி கலிஃபோர்னியாவில் ஒரு கோர்ட், பெரிய வழக்கு ஒன்றின் சமரசத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு 9.9 என்ற வரம்பு போய்விட்டது. பதிலாக, மல்யுத்த அணியில் 30 பேருக்கு மேல் கூடாது. அந்த முப்பது பேருக்கும் முழுசாகவே கொடுக்கலாம். கொடுக்க'லாம்' அண்ணே. கையில் இருந்தால்தானே? எல்லாக் கல்லூரியும் அதில் சேரவும் இல்லை. இதில் இன்னொன்றும் நடந்தது. முப்பதுக்குள் அடக்க வேண்டும் என்பதால், காசே வாங்காமல் அணியில் இருந்த பையன்கள் பல இடங்களில் வெளியே போக வேண்டியதாயிற்று.

உங்கள் பையனுக்கு ஒரு முப்பது சதவீதக் கூறு கிடைக்கிறது என்றே வையுங்கள். படிப்பு, தங்கல், சாப்பாடு எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 50,000 டாலர் என்று போடுவோம். 15,000 கழிந்தது, பாக்கி 35,000. டாலருக்கு 85 ரூபாய் வைத்தால் 29 லட்சத்து 75 ஆயிரம். ஒரே வருஷத்துக்கு. 2025 சீசனில் நம் பெங்களூரா மாங்காய் கிலோ நாலுக்கும் ஐந்துக்கும் போனது உங்களுக்குத் தெரியாததா? ஐந்து ரூபாய்க்கே போட்டாலும் 595 டன். படிப்பு நாலு வருஷம்.

அடுத்தது குஸ்தி. பையன் இங்கே ஆடுவது ஃப்ரீஸ்டைல். அங்கே கல்லூரி ஆண்கள் ஆடுவது ஃபோக்ஸ்டைல், அது வேறு. எதிராளியைக் கீழே போட்டுவிட்டு மேலே இருந்து அமுக்கிப் பிடித்துக்கொண்டே இருப்பதற்கும் கணக்கு உண்டு. அவனைவிட ஒரு நிமிஷம் அதிகமாக மேலே இருந்தால் ஒரு பாயின்ட். நம் பையன்களுக்கு அந்தப் பழக்கமே கிடையாது. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காவிட்டால் ரெஃப்ரி விசில் அடித்து எழுப்பிவிடுவார் என்று படுத்திருப்பார்கள். எடையும் பாருங்கள். அங்கே ஆகக் குறைந்த பிரிவு 125 பவுண்டு, அதாவது 56.7 கிலோ. உங்கள் பையன் முந்நூறு கிராம் குறைக்க வேண்டும். அது பெரிதில்லை. ஆனால் அவன் வயசுக்கு இன்னும் வளர்வான்.

'பேர், முகம் காட்டினால் விளம்பரக் காசு' என்று ஓசூர்க்காரர் சொல்லியிருப்பார். 2021 ஜூலை 1 முதல் அது அமெரிக்க மாணவர்களுக்கு வந்துவிட்டது, உண்மைதான். ஆனால் நம் பையன் போவது எஃப்-1 என்கிற மாணவர் விசாவில். படிப்பு நடக்கும்போது கல்லூரி வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வேலை செய்யலாம். வெளியே ஒரு கடை விளம்பரத்துக்கு நின்று காசு வாங்கினால் விசாவுக்கே ஆபத்து வரலாம்.

இனி திண்ணையில் இருப்பவரைக் கூப்பிடுங்கள். 'சீட் உறுதியானதும் மூணு லட்சம்' என்றாரே, அந்த ஒரு வார்த்தை போதும். ஸ்காலர்ஷிப்போடு சேர்த்துவிடுவதற்குக் கூலி வாங்குகிறவரை என்.சி.ஏ.ஏ. 'ஏஜென்ட்' என்று கணக்கு வைக்கும். அப்படி ஓர் ஏஜென்ட் இருந்தால் பையனின் ஆடும் தகுதியே போகலாம். வீடியோ எடுத்துக்கொடுக்க, கடிதம் அனுப்ப என்று சீட் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ஒரே கட்டணம் வாங்கினால் அது வேறு. இவர் கேட்பது அதுவல்ல. கோச்சுகளின் மெயில் முகவரி அந்தந்தக் கல்லூரியின் வெப்சைட்டிலேயே கிடக்கிறது. பையனின் இரண்டு பந்தய வீடியோவை அவனே அனுப்பட்டும். செலவு, ஒரு நாள் டேட்டா.

இங்கேயே ஒரு வழியையும் பார்த்து வையுங்கள். மத்திய அரசின் கேலோ இந்தியா திட்டத்தில் தேர்வாகிற பையனுக்கு வருஷத்துக்கு 6 லட்சத்து 28 ஆயிரம் வரை அரசு செலவழிக்கிறது. அதில் மாதம் 10,000 ரூபாய் அவன் கைச்செலவுக்கு. லேசாகக் கிடைக்காது. ஆனால் மாந்தோப்பைத் தொட வேண்டியதில்லை.

குஸ்தியை டிக்கெட் வாங்கிப் பார்க்க அங்கே கூட்டம் வருமா? இவ்வளவு காசு எங்கிருந்து வருகிறது?
– வாசகர், பாலக்கோடு

அயோவா பல்கலைக்கழக அரங்கில் ஏறத்தாழ 15,000 பேர் உட்காரலாம். குஸ்திக்கு அது நிறைகிறது. ஆனால் அயோவா மாதிரி ஊர்கள் கொஞ்சம்தான். பெரும்பாலான கல்லூரிகளில் மல்யுத்தம் தன் சோற்றைத் தானே சம்பாதிக்காது. அமெரிக்கன் ஃபுட்பாலும் பாஸ்கெட்பாலும் டிவியில் சம்பாதித்துக் கொண்டுவருவதில் சாப்பிடுகிற தம்பி அது. மேலே சொன்ன சமரசத்தின்படி 2025-26-இல் ஒரு கல்லூரி தன் வீரர்களுக்கு நேராகவே 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை பங்கு கொடுக்கலாம். அந்தப் பந்தியிலும் முதல் இலை ஃபுட்பாலுக்குத்தான். மல்யுத்தம் கடைசி வரிசை.

அதனால் குஸ்திக் காசு வருவது வேறு வழியில். நம் ஊர்க் கபடி நோட்டீஸில் 'முதல் பரிசு வழங்குபவர்' என்று ஒரு ரியல் எஸ்டேட்காரர் படம் இருக்குமே, அதே கதை. முன்னாள் பயில்வான்கள் தொழிலில் பெரிய ஆளாகி, தான் ஆடிய கல்லூரிக்கு உபயம் எழுதுகிறார்கள். கல்லூரியை ஒட்டியே தனிப் பயிற்சி கிளப்புகள் உண்டு. ஒலிம்பிக் தரத்துப் பயில்வான்களுக்கு அங்கே சம்பளம். அவர்களோடு தினமும் குஸ்தி மெத்தையில் உருளலாம் என்பதுதான் பையன்களை இழுக்கிற தூண்டில். இப்போது வெளியாள் கொடுக்கிற விளம்பரக் காசுக்கும் கிடுக்கிப்பிடி வந்திருக்கிறது. 600 டாலரோ அதற்கு மேலோ போனால் பதிவு செய்து காட்ட வேண்டும். நம் பரிசு நோட்டீஸுக்கு அப்படி ஒரு சட்டம் வந்தால் பாதிப் படம் காணாமல் போகும்.

மல்யுத்த வீரர் அமன் செஹ்ராவத் பாரிஸ் ஒலிம்பிக்கில் பத்து மணி நேரத்தில் நாலரை கிலோ குறைத்தாராம். எனக்கு மூன்று நாளில் நாலு கிலோ குறைய வேண்டும், அறுபது கிலோ கபடிக்கு. என்ன செய்யலாம்?
– கல்லூரி மாணவர், காரிமங்கலம்

தம்பி, ஒன்றும் செய்யாதே. அறுபத்தைந்து கிலோ போட்டிக்குப் பேர் கொடு.

அமன் பக்கத்தில் ராத்திரி முழுக்கக் கோச்சுகள் கண் விழித்து உட்கார்ந்திருந்தார்கள். உன் பக்கத்தில் யார்? ரெண்டு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு மே மாத வெயிலில் ஏரிக்கரையில் ஓடுகிற உன் கூட்டாளி. அதே பாரிஸில், 2024 ஆகஸ்ட் 7 காலையில், வினேஷ் போகத் 100 கிராம் எடை கூடியதால் இறுதிப் போட்டியை இழந்தாரே, அவரும் ராத்திரியெல்லாம் தூங்காமல் குறைத்தவர்தான்.

1997-இல் நவம்பருக்கும் டிசம்பருக்கும் நடுவில் மூன்று அமெரிக்கக் கல்லூரி மல்யுத்தப் பையன்கள் எடை குறைக்கும்போதே செத்துப்போனார்கள். ரப்பர் சட்டை, சூடான அறை, தண்ணீர் குடிக்காமல் உடற்பயிற்சி. உன் ஸ்வெட்டரும் வெயிலும் வேறென்ன? அதற்கப்புறம்தான் ரப்பர் சட்டைக்கும் நீராவி அறைக்கும் தடை வந்தது. எடை பார்ப்பதைப் போட்டிக்கு ஒன்றிரண்டு மணி நேரமே இருக்கும்போது என்று மாற்றினார்கள், காய்ந்துபோய் வந்தால் ஆட முடியாது என்பதற்காக. சீசன் தொடக்கத்திலேயே சிறுநீரைச் சோதித்து, இந்தப் பையன் இதற்குக் கீழே இறங்கக் கூடாது என்று ஒரு கோடும் போடுகிறார்கள். 118 பவுண்டு என்றிருந்த பிரிவு 125 ஆனதும் அப்போதுதான். ஏழு பவுண்டு ஏற்றினார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கல்லூரியில் எடை மெஷின் கிடையாது. பக்கத்துப் புளி மண்டித் தராசில்தான் பையன்களை நிறுத்துவோம். மண்டிக்காரர், "சாக்குக் கழிவு ஒண்ணரை கிலோ போட்டுக்கட்டுமா மாஸ்டர்?" என்பார். சிரித்துக்கொண்டு சரி என்றிருக்கிறேன். ஒரு பையன் அந்தத் தராசுத் தட்டிலேயே மயங்கி, புளி மூட்டை மேல் சாய்ந்தான். அன்றைக்கோடு சிரிப்பு நின்றது.

பெண்களுக்கு அங்கே வாய்ப்பு உண்டா?
– மாணவி, ஊத்தங்கரை

உண்டு கண்ணு, இப்போதுதான் கதவு நன்றாகத் திறக்கிறது. 2025 ஜனவரியில் பெண்கள் மல்யுத்தத்தை என்.சி.ஏ.ஏ. தன் 91-ஆவது சாம்பியன்ஷிப்பாகச் சேர்த்துக்கொண்டது. முதல் போட்டி 2026-இல். உனக்கு ஒரு கூடுதல் வசதி, பெண்கள் அங்கே ஆடுவது ஃப்ரீஸ்டைல். நீ பழகியதை மாற்ற வேண்டியதில்லை.

1972-இல் அங்கே டைட்டில் நைன் என்று ஒரு சட்டம் வந்தது. படிப்பானாலும் விளையாட்டானாலும் பெண்ணுக்கும் ஆணுக்கும் பாகுபாடு கூடாது. அதைக் காரணம் காட்டி எத்தனையோ கல்லூரிகள் ஆண்கள் மல்யுத்தத்தை மூடின. ஃபுட்பாலில் நூறு பேருக்குக் கொட்டுகிறதில் கை வைக்காமல், எளியவன் தலையில் கை வைத்தார்கள் என்பேன் நான். பழி பெண்கள் மேல் போயிற்று. இன்றைக்குப் பெண்கள் அணி வந்ததால்தான் சில கல்லூரிகளில் மல்யுத்த மெத்தையையே விரிக்கிறார்கள்.

செலவுக் கணக்கு காவேரிப்பட்டணத்து அண்ணனுக்குச் சொன்னதுதான். அதைப் படித்துவிட்டு அப்புறம் கனவு காண்.

உலகத்திலேயே பெரிய கல்லூரிப் பயில்வான் யார்?
– வாசகர், பர்கூர்

கேல் சாண்டர்சன். 1999 முதல் 2002 வரை 159 பந்தயம், தோல்வி பூஜ்யம். 2004 ஏதென்ஸில் தங்கம். பிறகு பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் கோச்சாகி, 2011-க்கும் 2025-க்கும் நடுவில் 12 முறை அணிக்குப் பட்டம். நல்ல பையன்களெல்லாம் அங்கேயே போவதற்கு அதுவே காரணம், ஜெயிக்கிற இடத்துக்கு ஆள் தேடிப் போக வேண்டியதில்லை. ஆனால் எனக்குப் பிடித்தவர் டான் கேபிள். 1970-இல் கல்லூரியின் கடைசிப் பந்தயத்தில் தோற்றார், வாழ்க்கையில் தோற்ற ஒரே கல்லூரிப் பந்தயம் அது. இரண்டு வருஷம் கழித்து மியூனிக்கில் ஒரு பாயின்ட்கூட விட்டுக்கொடுக்காமல் தங்கம்.

கபடி கோட்டாவில் ஒரு தனியார் கல்லூரியில் சேர்ந்தேன். இப்போது வேறு கல்லூரி கூப்பிடுகிறது. இவர்கள் ப்ளஸ் டூ மார்க் ஷீட்டையே தர மறுக்கிறார்கள். 'உனக்குச் செலவு பண்ணியிருக்கோம், கட்டிட்டுப் போ' என்கிறார்கள்.
– இரண்டாமாண்டு மாணவர், பென்னாகரம்

ஒரிஜினல் சர்டிஃபிகேட்டைப் பிடித்து வைக்க அவர்களுக்கு உரிமை கிடையாது. சரிபார்த்துவிட்டு உடனே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று யு.ஜி.சி. 2018-லேயே சொல்லிவிட்டது. பிரின்சிபாலுக்கு எழுத்தில் கேள், பதிவுத் தபாலில் அனுப்பு. பதில் வராவிட்டால் பல்கலைக்கழகத்துக்கு ஒரு நகல். பெரும்பாலும் அந்த நகல் போகும் முன்னாலேயே மார்க் ஷீட் வந்துவிடும்.

'செலவு பண்ணியிருக்கோம்' என்கிறார்களே, அதற்குத் தாள் இருக்கிறதா என்று கேள். இருக்காது. உன்னிடமும் இருக்காது. அதுதான் இதில் இருக்கிற வியாதி. அது எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் நானே பரப்பியவன்.

பதினைந்து, பதினாறு வருஷம் இருக்கும். அரூர் பக்கம் ஒரு காட்டுக்கொட்டாய். அங்கே ஒரு பையன், ரைடு போனால் கணுக்கால் பிடிக்க முடியாது. மூன்று கல்லூரிகள் அவன் பின்னால் அலைந்தன. நான் போனபோது பொழுது சாய்ந்துவிட்டது. அவன் அம்மா கேழ்வரகுக் களி கிண்டிக்கொண்டிருந்தார். துடுப்பை நிறுத்தவில்லை, கிண்டிக்கொண்டே கேட்டார், "மூணு வருசமும் ஃபீஸ் இல்லைங்களா?" இல்லைம்மா என்றேன். "ஆஸ்டல் சோறு?" அதுவும் இல்லைம்மா. "எழுதிக் குடுப்பீங்களா?" என் வாய்ச்சொல் போதாதா என்று சிரித்தேன். எனக்கும் ஒரு களி உருண்டை வைத்தார், அவரைக்கொட்டைக் குழம்போடு. நன்றாகச் சாப்பிட்டேன்.

இரண்டாம் வருஷம் மண்டலப் போட்டியில் அவன் முட்டி திரும்பியது. லிகமென்ட். அடுத்த மாதம் ஆபீஸிலிருந்து ஒரு காகிதம், ஃபீஸும் விடுதிப் பாக்கியும் சேர்த்து 42,000 ரூபாய். நிர்வாகத்திடம் போய் நின்றேன். "ஆடுற பையனுக்குத்தானே மாஸ்டர் சலுகை" என்றார்கள். அந்த அம்மா ஆடுகளை விற்று, சுருக்குப் பையில் பணத்தோடு வந்தார். கவுண்டரில் எண்ணிக் கட்டி ரசீது வாங்கினார். அப்புறம் என்னிடம் வந்து, "கால் நல்லா இருந்தாத்தான்னு அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாஸ்டர்" என்றார். குரல்கூட உயரவில்லை.

அமெரிக்காவில் எல்லாம் ஒழுங்கு என்று சொல்ல வரவில்லை. ஆனால் அங்கே ஸ்காலர்ஷிப் என்றால் கையெழுத்துப் போட்ட தாள். அந்தத் தாள் எத்தனை வருஷத்துக்கோ அதற்குள், காயம் பட்டான், சரியாக ஆடவில்லை என்று குறைக்கக் கூடாது. சில இடங்களில் ஒரு வருஷத் தாள்தான், அடுத்த வருஷம் தருவதும் தராததும் அவர்கள் விருப்பம். அதுவும் தாளிலேயே இருக்கும்.

புதுக் கல்லூரிக்குப் போகும் முன் நீ இப்படி ஒரு கடிதம் கேள், தம்பி. 'இன்ன பெயருள்ள மாணவருக்கு, இன்ன படிப்புக்கு, மூன்று ஆண்டுகளுக்கும் கல்விக் கட்டணம், விடுதி, உணவு, தேர்வுக் கட்டணம் ஆகியவற்றில் இன்னின்னது வாங்கப்படாது. விளையாடும்போது காயம் பட்டாலும் இது தொடரும். மருத்துவச் செலவில் இவ்வளவு கல்லூரி ஏற்கும். மாணவர் விலகினால் திருப்பிக் கட்ட வேண்டியது இவ்வளவு, அல்லது ஒன்றுமில்லை.' லெட்டர்பேடில், பிரின்சிபால் கையெழுத்து, சீல், தேதி. பி.டி. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் வாங்காதே. அவருக்கு அந்த அதிகாரம் கிடையாது, எனக்கும் இருந்ததில்லை.

இத்தனை பையன்களைக் கல்லூரியில் சேர்த்துவிட்டீர்களே, உங்களுக்குக் கமிஷன் எவ்வளவு மாஸ்டர்? கோபப்படாமல் சொல்லவும்.
– வாசகர், கிருஷ்ணகிரி

கோபமில்லை, கேட்க வேண்டிய கேள்விதான். காசாக ஒன்றும் வாங்கியதில்லை. அரூர்ப் பையன் ஆடிய முதல் வருஷம் எங்கள் அணி கோப்பை வாங்கியது. ஆண்டு விழாவில் நிர்வாகம் எனக்குப் பொன்னாடை போர்த்தி, ஒரு சஃபாரித் துணி கொடுத்தது. சாம்பல் நிறம். தருமபுரியில் தைத்துப் போட்டேன். அந்த அம்மா சுருக்குப் பையோடு கவுண்டரில் நின்ற அன்றைக்கும் அதைத்தான் போட்டிருந்தேன். நல்ல துணி. இன்னும் பீரோவில்தான் இருக்கிறது.